தரங்கம்பாடிக்கு டூர் கூட்டிட்டு வர்ற டீச்சர்களுக்கு: ஜான் ஐயரையும் கொஞ்சம் காட்டுங்க

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

வருசா வருசம் டிசம்பர், ஜனவரி ஆனா உங்க ஸ்கூல் பஸ்சும் காலேஜ் பஸ்சும் எங்க ஊருக்குள்ள வரிசையா நுழையுது. பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, வேளாங்கண்ணின்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கிற டூர், அதனால இங்க வந்து இறங்குறப்பவே மணி பதினொண்ணு பன்னெண்டு ஆயிருது, வெயில் மண்டையப் பொளக்குது, புள்ளைங்க கோட்டைய ஒரு சுத்து சுத்திட்டு கடலப் பாத்து செல்ஃபி எடுத்துக்குதுங்க, நீங்க ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் சிலைக்கு முன்னாடி நின்னு ஒரு அஞ்சு நிமிசம் பேசுறீங்க. 1620ல டேனிஷ்காரன் கோட்டை கட்டுனான், 1706ல சீகன்பால்க் வந்தாரு, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சு முடிச்சாரு, 1845ல டேனிஷ்காரன் ஊர இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுக் கெளம்பிட்டான், அவ்ளோதான், எல்லாரும் பஸ்ல ஏறுங்க.

சொன்னது எல்லாம் சரிதான். குறைன்னு சொல்ல வரல. ஆனா இதே ஊர்ல நாப்பது வருசத்துக்கு மேல இருந்து இங்கயே செத்துப்போன ஒரு ஐயர் இருக்காரு, அவரப் பத்தி நீங்க யாரும் புள்ளைங்ககிட்ட சொல்லி நான் கேட்டதே இல்ல. ஹிஸ்டரி சாரும் சொல்றதில்ல, ஜுவாலஜி மேடமும் சொல்றதில்ல. ரெண்டு பேரும் இன்னொருத்தர் பாடம்னு நெனச்சு விட்டுட்டீங்க போல.

கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். பாதிரியார ஐயர்னு கூப்புடுற நம்ம ஊர் வழக்கப்படி ஜான் ஐயர்.

நான் டீச்சர் கெடையாது, மீன் ஏவாரம். விடியக்காலைல ஏலம் எடுத்து ஐஸ் போட்டு வண்டி ஏத்தி விட்டா மத்தியானத்துக்கு மேல சும்மாதான் இருப்பேன், அந்த நேரத்துல ஊரப் பத்தி கெடைக்கிறதெல்லாம் படிக்கிற பழக்கம். அப்டித்தான் இவரு என் கண்ணுல பட்டாரு. அதுவும் சர்ச் வரலாறு வழியா இல்ல, மீன் வழியா.

கத்தாளை தெரியும்ல? எங்க ஏலத்துல தெனமும் வர்ற மீன்தான், ரொம்ப வெலை கெடையாது, கருவாட்டுக்கும் போகும் கொழம்புக்கும் போகும். வலைய இழுத்து போட்டுக்குள்ள கொட்டுன ஒடனே கர்ர் கர்ர்னு சத்தம் போடும். வயித்துக்குள்ள இருக்கிற காத்துப்பை, நாங்க நெட்டின்னு சொல்றது, அதுமேல ஒட்டிருக்கிற தசைய வேகமா அடிச்சு அந்த சத்தத்த எழுப்புது. மண்டைய ரெண்டா பொளந்தா உள்ள ரெண்டு வெள்ளைக் கல்லு இருக்கும், சுண்டு வெரல் நகம் அளவு, பல்லு மாதிரி பளபளன்னு. அது காதுக்குள்ள இருக்கிற கல்லு, மீனுக்கு பேலன்சும் கேக்குற சக்தியும் அதுலதான் இருக்கு. சுறா, திருக்கை தவிர மத்த மீனுக்கெல்லாம் இந்தக் கல்லு உண்டு, ஆனா கத்தாளைக்கு இப்டி நல்லா பெருசா கைல எடுத்து வெச்சுப் பாக்குற மாதிரி இருக்கும். மீன் வெட்டுற அக்காகிட்ட கேட்டா அரிவாமனைல வெச்சு ஒரே போடு போட்டு எடுத்துக் குடுத்துருவாங்க.

இந்தக் கத்தாளைக் கூட்டத்துல ஒரு பெரிய பேரினத்துக்கு அறிவியல் பேரு என்ன தெரியுமா? ஜானியஸ். ஆமா, இவரு பேருதான். 1793ல பெர்லின்ல வெச்ச பேரு. இன்னைக்கு அந்தப் பேருக்குக் கீழ முப்பதுக்கும் மேல வகை மீன் இருக்கு, ஆப்பிரிக்கா கரைலேர்ந்து ஆஸ்திரேலியா வரைக்கும் எவன் புடிச்சாலும் பேப்பர்ல எழுதுறப்ப இவரு பேரச் சொல்லித்தான் ஆகணும். எங்க ஏலக்கூடத்துல கூவிக் கூவி விக்கிற மீனுக்கு எங்க ஊர் ஐயர் பேரு இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரல, நெசமாத்தான்.

சரி, ஆளு யாரு? 1747ல ஜெர்மனில பொறந்தவரு, 1771ல மிஷனரியா தரங்கம்பாடி வந்து இறங்குனாரு. அப்ப இங்க இருந்த அமைப்பு கொஞ்சம் விநோதமானது. ராஜா டென்மார்க்காரன், மிஷனரிங்க ஜெர்மனில ஹாலேங்கிற ஊர்லேர்ந்து வர்றவங்க, சுத்தி இருக்கிறது தஞ்சாவூர் சீமை, ஒரு பக்கம் இங்கிலீஷ்காரன், இன்னொரு பக்கம் காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன். இத்தனூண்டு ஊரு, ஆனா ஐரோப்பாவுக்குக் கப்பல் போகும் வரும். அந்தக் கப்பல்தான் இவருக்கு போஸ்ட் ஆபீஸ்.

இவருக்கு முன்னாடியே 1768ல கோனிக்னு ஒரு டாக்டர் மிஷன் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்திருந்தாரு. சாதாரண டாக்டர் இல்ல, செடிகொடி மிருகம் எல்லாத்துக்கும் ரெட்டைப் பேரு வெக்கிற முறையக் கொண்டாந்த லின்னேயஸ்கிட்டயே படிச்சவரு. மிஷன் குடுத்த சம்பளம் பத்தாம ஆற்காடு நவாப்புகிட்ட வேலைக்குப் போயி, அப்பறம் இங்கிலீஷ்காரனோட கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் போயி, 1785ல செத்துப்போனாரு. ஆனா அதுக்குள்ள இங்க இருந்த ஐயருங்களுக்கு செடி புடிக்கிற கிறுக்க நல்லா ஏத்தி விட்டுட்டாரு. ஜானுக்கும், 1776ல வந்த ராட்லர் ஐயருக்கும், பின்னாடி டாக்டரா இருந்த க்ளைனுக்கும் எல்லாருக்கும் அது தொத்திக்கிச்சு. ராட்லருக்கு செடி, ஜானுக்கு மீனும் கிளிஞ்சலும் பாம்பும்.

அந்தப் பக்கம் பெர்லின்ல மார்க்கஸ் எலீசர் ப்ளாக்னு ஒரு யூத டாக்டர். சம்பாதிச்ச காச மீன் மேல கொட்டுன மனுசன். 1782லேர்ந்து 1795 வரைக்கும் 12 வால்யூம், 432 கலர் படம், அத்தனையும் மீன் மட்டுமே. அவரு எங்கயும் கடல் கடந்து போகல, உக்காந்த எடத்துலேர்ந்தே உலகம் பூரா லெட்டர் போட்டு மீன் வரவழைச்சாரு. தரங்கம்பாடிலேர்ந்து அவருக்கு மீன் அனுப்புனது ஜான் ஐயர். ஸ்பிரிட்ல ஊறப்போட்டு, கப்பல்ல ஏத்தி, ஆப்பிரிக்காவச் சுத்திக்கிட்டு மாசக்கணக்குல போயி சேரணும். ஐஸ் இல்லாம இங்கேர்ந்து கும்பகோணம் வரைக்கும் மீன் அனுப்புறதே எங்களுக்கு வயித்தக் கலக்குற வேலை, இந்த மனுசன் பெர்லினுக்கு அனுப்பிருக்காரு. போற வழியில கலர் எல்லாம் வெளுத்துரும், அதனால மீனோட சேத்து எழுத்தும் போகணும், உசுரோட இருக்கிறப்ப என்ன கலரு, எங்க கெடைக்கும், ஊர்ல என்ன பேரு சொல்வாங்கன்னு.

இந்தக் கடைசி விசயம்தான் முக்கியம். ப்ளாக் வெச்ச பேருல ரெண்ட மட்டும் பாருங்க. ஜானியஸ் கருத்தா, ஜானியஸ் அனேயஸ். லத்தீன்னு நெனச்சு தாண்டிப் போயிருவோம். முதல் மீன எங்க ஆளுங்க இன்னைக்கும் கருத்த கத்தாளைன்னுதான் சொல்றாங்க. ரெண்டாவது ஆனைக் கத்தாளை. பாரிஸ்ல லாசெபேட்னு ஒருத்தரு 1801ல ப்ளாக் புஸ்தகத்தப் பாத்து இன்னும் ஒரு படி மேல போயி நம்ம விராலுக்கு வ்ரால்னே பேரு வெச்சாரு, குறவைக்கு கர்ருவேன்னு வெச்சாரு, ஆனா ப்ளாக் 1793லயே வெச்ச பேரு முந்திக்கிட்டதால அது ரெண்டும் நிக்கல. கொளத்துல புடிக்கிற தேளி, கெளுத்தி கூட அப்டித்தான், 1794ல தரங்கம்பாடிலேர்ந்து போன மீன வெச்சுத்தான் அதுங்களுக்கு அறிவியல் பேரு வந்துச்சு. அன்னைக்கு அனுப்புன சரக்கு, ப்ளாக் சேத்து வெச்சதோட சேந்து பெர்லின் மியூசியத்துல இன்னைக்கும் பாட்டில்ல இருக்கு.

இப்ப யோசிங்க. ஜான் ஐயருக்கு எது கருத்த கத்தாளை எது ஆனைக் கத்தாளைன்னு யாரு சொன்னது? ஒரு ஜெர்மன்காரருக்கு தானா தெரியுமா? மீன் புடிக்கிற எங்க பட்டினவர் தெருவுல யாரோ ஒருத்தரு கூடையக் கவுத்துப்போட்டு, ஐயரே இது வேற, அது வேற, இதோட செவுள பாருங்க, இதோட வால பாருங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காரு. ஐயரும் தமிழ்லதான் கேட்டிருக்கணும், வேற பாஷை அவங்களுக்குத் தெரியாதே. ப்ளாக் பேரு நிக்குது, ஜான் பேரு நிக்குது, அந்த மனுசன் பேரு எங்கயும் இல்ல. இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விசயம். ஜான் மேல கோவம்னு இல்ல, அந்தக் காலத்துல யாருமே எழுதல. ஆனா நீங்க பாடம் எடுக்கிறப்ப இதச் சொல்லாம விட்டா அந்தப் பாடம் அரைகுறைதான்.

பாம்புக் கதை இன்னும் சுவாரசியம். மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்புன்னு சொல்லுவாங்களே, கோடிக்கணக்குல வெலை போகும்னு புரளி கெளப்பி ஏமாத்துறானுங்களே, அதே பாம்புதான். அதுக்கு அறிவியல் பேரு எரிக்ஸ் ஜானியை. பேட்ரிக் ரஸ்ஸல்னு கம்பெனி டாக்டர், விசாகப்பட்டினத்துல வேலை பாத்து, பின்னாடி இந்தியப் பாம்புகளப் பத்தி பெரிய புஸ்தகம் போட்டவரு, 1801ல நம்ம ஊர்ப் பாம்புக்கு ஜான் ஐயர் பேர வெச்சாரு. மொதல்ல விவரிச்சு எழுதுன அந்தப் பாம்பு தரங்கம்பாடிலேர்ந்து கெடைச்சதுதான். பேப்பர்ல மாசத்துக்கு ஒரு தடவ மண்ணுளிப் பாம்பு கடத்துனவங்க கைதுன்னு நியூஸ் வருது, உங்க ஸ்டூடண்ட்சும் அதப் படிக்குதுங்க. ரெண்டு தலை கெடையாது, வாலு மொட்டையா இருக்கிறதால எதிரிய ஏமாத்த வாலத் தலை மாதிரி ஆட்டும், வெசம் கெடையாது, எலியத் தின்னுக்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்கிற அப்பாவி ஜீவன், வனவிலங்கு சட்டப்படி புடிச்சா ஜெயிலு. இத கோட்டை நெழல்ல நின்னுக்கிட்டு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, புள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டு கேக்கும். ஆனா யார்கிட்டயாவது போயி ஒரு பாம்பு புடிச்சுக் காட்டுங்கன்னு மட்டும் கேட்டுராதீங்க, புண்ணியமாப் போகும்.

சங்கரா வகைல ஒரு மீனும் அவரு பேர்ல இருக்கு, லுட்ஜானஸ் ஜானியை, முதுகுப் பக்கம் கண்ண விடப் பெருசா ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். வந்தா காட்டுறேன்.

அப்பறம் பனையேறிக் கெண்டை. 1791ல இங்க டேனிஷ் படைல இருந்த டால்டார்ஃப்ங்கிற லெஃப்டினன்ட், கொளத்தோரமா நின்ன பனைமரத்துல தண்ணிக்கு மேல அஞ்சடி ஒசரத்துல ஒரு மீன் செவுள் மூடிய ஊணி ஊணி ஏறிட்டிருந்தத என் கண்ணால பாத்தேன்னு சொன்னாரு, 1797ல லண்டன் லின்னேயன் சொசைட்டி அத அச்சுலயும் போட்டுச்சு. ஜான் ஐயரும் ப்ளாக்குக்கு இதே சங்கதிய, இங்க ஜனங்க பனையேறின்னு கூப்புடுறாங்கன்னு எழுதிருக்காரு. பின்னாடி வந்தவங்க சும்மா விடல. மீன் தரைல நடக்கும் சரி, காத்தையும் சுவாசிக்கும் சரி, ஆனா மரம் ஏறுதுங்கிறது காக்காவோ பருந்தோ தூக்கிட்டுப் போயி போட்டதாத்தான் இருக்கும்னு வாதாடுனாங்க. எது நெசம்? எங்க தாத்தா கட்சி மீன் ஏறும்ங்கிறது. நான் காக்கா கட்சி. உங்க புள்ளைங்களுக்கு இத விட நல்ல ப்ராஜெக்ட் டாபிக் வேணுமா சொல்லுங்க. ஒருத்தரு பாத்தேங்கிறாரு, ஒருத்தரு கேட்டேங்கிறாரு, அதுல எத எவ்வளவு நம்புறது, எப்டி செக் பண்றது, சயின்ஸ் பாடமே அதுதான.

பழமைப் பக்கம் வருவோம், ஹிஸ்டரி சார் கோவிச்சுக்கக் கூடாது. கல்கத்தாலேர்ந்து ஏஷியாடிக் ரிசர்ச்சஸ்னு பெரிய பெரிய வால்யூமா வரும், வில்லியம் ஜோன்ஸ் ஆரம்பிச்ச சங்கத்தோடது, பக்கத்துக்குப் பக்கம் சமஸ்கிருதம்தான் ராஜ்ஜியம். அதோட ஏழாவது வால்யூம், 1801ல வந்தது, அதுல ஒரு கட்டுரை நம்ம ஔவையாரப் பத்தி. எழுதுனது ஜான் ஐயர். ஔவையார் வாழ்க்கைக் கதை, அப்பறம் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கல்வியொழுக்கம் மூணையும் இங்கிலீஷ்ல போட்டுருக்காரு. ஐரோப்பாக்காரனுக்கு இங்க ஒரு பொம்பளை எழுதுனத திண்ணைப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க தெனமும் ஒப்பிக்குதுங்கன்னு எடுத்துச் சொன்ன ஆளு பாட்டில்ல மீன் அடைச்ச அதே ஆளுதான். தத்துவஞானின்னு தலைப்புலயே போடுறாரு, கவனிங்க. இதெல்லாம் எண்பது வருசம் முன்னாடி நெனச்சுக் கூட பாக்க முடியாது. சீகன்பால்க் 1713ல நம்ம சாமிகளப் பத்தி ஒரு பெரிய புஸ்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்புனப்ப, உங்கள அனுப்புனது இந்த மூடநம்பிக்கைய ஒழிக்க, அத ஐரோப்பால பரப்புறதுக்கு இல்லன்னு அங்க இருந்த பெரியவரு ஃபிராங்கே கடுப்பாயி மூட்டை கட்டி வெச்சுட்டாரு, 1867ல தான் அது அச்சுக்கே வந்துச்சு.

அதே ஹாலேல ஜான் காலத்துல காத்து மாறிப்போச்சு, மியூசியத்துக்கு கிளிஞ்சல் அனுப்புங்க, ஓலைச்சுவடி அனுப்புங்கன்னு கேக்குறாங்க. அந்த அலமாரிங்க இன்னைக்கும் ஹாலேல இருக்கு, போயி பாக்கலாம். கோபன்ஹேகன்ல கெம்னிட்ஸ்னு ஒரு பாதிரியாரு கிளிஞ்சல் புஸ்தகம் போட்டுட்டிருந்தாரு, அவருக்கும் இங்கேர்ந்துதான் சப்ளை. ஆனா எல்லாருக்கும் இது புடிச்சிருச்சுன்னு இல்ல. மிஷன் வரலாறு எழுதுன பின்னாளு ஆளுங்க சில பேரு ஜான் தலைமுறையப் பத்தி, ஆத்துமா ஆதாயம் பண்ணச் சொன்னா கிளிஞ்சல் பொறுக்கிட்டிருந்தானுங்கங்கிற மாதிரிதான் பேசிருக்காங்க. அவங்க பார்வைல அது நியாயமாக் கூட இருக்கலாம். ஜானுக்கு இயற்கைங்கிறது கடவுள் எழுதுன இன்னொரு புஸ்தகம், அத வாசிக்கிறதும் ஊழியம்தான். நான் கோயிலுக்குப் போறவன், இந்த விவகாரத்துல கருத்து சொல்ல எனக்கு தகுதி இல்ல, ஆனா கிளிஞ்சல் பொறுக்குன ஆள எனக்குப் புடிக்குது.

அவரு பொறுக்குனது ஊர் ஜாலியா இருந்த காலத்துலயும் இல்ல. 1781 வாக்குல ஹைதர் அலி படை தஞ்சாவூர் சீமைய அடிச்சு நொறுக்கி, ஏரி வாய்க்கால ஒடைச்சு, ஊரே பஞ்சத்துல கெடந்துச்சு. கடைசிக் காலத்துல இன்னும் மோசம். அங்க ஐரோப்பால டென்மார்க் நெப்போலியன் பக்கம் சாஞ்சதுனால 1808ல இங்கிலீஷ்காரன் தரங்கம்பாடியப் புடிச்சுக்கிட்டான், 1815 வரைக்கும் திருப்பிக் குடுக்கல. கோபன்ஹேகன்லேர்ந்து வர்ற பணம் நின்னுபோச்சு. அந்த நேரத்துலதான் இந்த மனுசன் சுத்துப்பட்டு ஊருங்கள்ல ஏழைப் புள்ளைங்களுக்கு இலவசமா எழுதப் படிக்க சொல்லித் தர்ற பள்ளிக்கூடமா ஆரம்பிச்சிட்டிருக்காரு, வாத்தியாருங்க நம்ம ஆளுங்க, பாடம் தமிழ்லயும் கொஞ்சம் இங்கிலீஷ்லயும். இத எப்டி நாடு பூரா செய்யலாம்னு அவரு எழுதுனது 1813ல லண்டன்ல அச்சாச்சு, அதே வருசம் இங்க செத்துப்போனாரு. மறு வருசம் அந்தப் பள்ளிக்கூடங்களப் பாத்துக்க ரெண்டு பேரு வந்தாங்க, அதுல ஒருத்தரு மிஷனரி ரேனியஸ். திருநெல்வேலிப் பக்கத்து டீச்சருங்களுக்கு இந்தப் பேரு தெரியாம இருக்காது.

தமிழ் டீச்சருக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், ஸ்வார்ட்ஸ் ஐயர் வளத்த புள்ளை, சின்ன வயசுல தரங்கம்பாடிக்கு படிக்க அனுப்புனாங்க. இங்க வாத்தியாருங்கள்ல ஜான் ஐயரும் ஒருத்தரு. வானசாஸ்திரம், கணக்கு, உடற்கூறு எல்லாம் இங்க படிச்ச பையன், 1800ல பெத்லகேம் குறவஞ்சி பாடுறப்ப சூரியன் நடுவுல நிக்க பூமியும் மத்த கெரகங்களும் சுத்துற கோபர்நிக்கஸ் கணக்கக் கொண்டுபோயி குறவஞ்சிக்குள்ள வெக்கிறாரு. குறத்தி மலைவளம் பாடுற எடத்துக்குப் பழகுன காதுக்கு இது எப்டி இருந்திருக்கும்! இப்டி ஒரு ஸ்டூடண்ட உருவாக்குன ஊர்ல வந்து இறங்கிட்டு அதப் பத்தி பேசாம ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டுப் போறீங்க.

ராட்லர் ஐயரப் பத்தி தனியா ஒரு மடலே எழுதலாம். 1799ல இங்கேர்ந்து மெட்ராசுக்கு வழியெல்லாம் செடி பறிச்சுக்கிட்டே போன மனுசன், அந்தப் பயணக் குறிப்பு 1803ல பெர்லின்ல வந்துச்சு, அவரு காய வெச்ச செடிங்க இன்னைக்கு லண்டன் கியூ தோட்டத்துல இருக்கு. அப்பறம் வேப்பேரில உக்காந்து தமிழ்-இங்கிலீஷ் அகராதி, 1834ல மொத பாகம் வந்துச்சு, 1836ல ஆளு போயிட்டாரு, 1841ல மத்தவங்க முடிச்சாங்க. அறுபது வருசம் தமிழ்நாட்டுல. பாட்டனி டிபார்ட்மென்ட் வந்தா இவரச் சொல்லுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள், இவங்கள சாமி ஆக்கிடாதீங்க. அந்தக் காலத்து மிஷன்ல சர்ச்சுக்குள்ளயே சாதி பாத்து தனித்தனியா உக்கார வெச்சாங்க, அதுவும் சரித்திரம்தான், அதையும் சொல்லுங்க. நம்ம மீனும் செடியும் சுவடியும் அங்க போச்சு, இங்க இருக்கிறவன் அதப் பாக்கணும்னா விசா எடுக்கணும், அதையும் சொல்லுங்க. புள்ளைங்க ரெண்டையும் தாங்கும், நீங்க நெனைக்கிற அளவுக்கு அதுங்க சின்னப் புள்ளைங்க இல்ல.

இப்ப நெசமான கோரிக்கைக்கு வர்றேன். டூர் பிளான மாத்துங்க. தரங்கம்பாடிய மொத ஸ்டாப்பா வெச்சு விடியக்காலைல வந்துருங்க. அப்பத்தான் ஃபைபர் போட்டு கரை ஏறும், ஏலம் நடக்கும். புள்ளைங்க கைல செல்லுக்குப் பதிலா ஒரு நோட்டும் பேனாவும் குடுங்க. ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு விட்டு, ஆளுக்கு ஒரு மீன். அந்த மீனுக்கு இங்க என்ன பேரு, எந்த வலைல விழுந்துச்சு, எவ்வளவு ஆழத்துல, எந்த மாசம் அதிகம் வரும், முன்ன மாதிரி வருதா கொறஞ்சுபோச்சா, யாரு சொன்னது. இந்தக் கடைசிக் கேள்விய கண்டிப்பா எழுதச் சொல்லுங்க, சொன்னவங்ககிட்ட கேட்டுக்கிட்டு அவங்க பேரப் போட்டு. 1793ல விட்டுப்போனத இப்பவாவது எழுதலாம்.

சில விசயம் முன்கூட்டியே சொல்லிடுறேன். ஏலம் நடக்கிற எடத்துல நடுவுல போயி நிக்கக் கூடாது, அங்க ஒவ்வொரு நிமிசமும் காசு. கேக்காம பொம்பளைங்கள போட்டோ எடுக்கக் கூடாது, மீன் அக்காங்க வாயில விழுந்தா எழுந்திரிக்க முடியாது. மூக்கப் பொத்துற புள்ளைங்கள அப்பவே ஓரமா கூட்டிட்டுப் போயி பேசிருங்க, அந்த ஒரு சைகை எங்க ஆளுங்களுக்கு எவ்வளவு வலிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 2004 சுனாமில எங்க தெருங்க பட்டது உங்களுக்குத் தெரியும், அதப் பத்தி திடீர்னு போயி யார்கிட்டயும் கேக்க வேணாம்னும் சொல்லி வைங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், பெரிய விசைப்படகு எதுவும் போகாது, அப்ப வந்தா சின்ன போட்டு மீனுதான், ஆனா வலை பின்றவங்க ஓய்வா இருப்பாங்க, பேச நேரம் கெடைக்கும். புயல் எச்சரிக்கை இருந்தா வராதீங்க, எங்களுக்கே வேலை இல்ல.

மீன் முடிஞ்சதும் அப்டியே கரையோரமா மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்துருங்க, 1306ல பாண்டியன் கட்டுனது, முன்பக்கம் கடல் தின்னுட்டுது, டேனிஷ்காரன் வர்றதுக்கு முந்நூறு வருசம் முன்னாடியே இந்த எடம் துறைமுகமா இருந்துச்சுங்கிறதுக்கு அது ஒண்ணு போதும். அப்பறம் கோட்டை, அப்பறம் 1718ல கட்டுன புதிய எருசலேம் சர்ச்சு, அங்க சீகன்பால்க் கல்லறைக்கிட்ட நின்னு உங்க அஞ்சு நிமிசத்த பேசிக்கிங்க, அதுல ரெண்டு நிமிசம் ஜான் ஐயருக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சிரும், திருக்கடையூரும் பூம்புகாரும் எங்கயும் ஓடிப்போகாது.

வர்ற தேதிய ஒரு வாரம் முன்னாடி சொல்லிட்டீங்கன்னா ஏலக்காரங்ககிட்டயும் ரெண்டு மூணு பெரியவங்ககிட்டயும் நான் பேசி வெக்கிறேன், அவங்க ஒக்காந்து பொறுமையா சொல்லுவாங்க. மத்தியானம் கத்தாளைக் கொழம்பு வேணும்னாலும் அப்பவே சொல்லிருங்க, எத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தான் காலைல ஏலத்துல எடுத்து தனியா ஐஸ்ல போட முடியும். மண்டைக்கல்ல புள்ளைங்களே எடுத்துக்கட்டும், அதுக்கு காசு இல்ல.

இப்படிக்கு,
தரங்கம்பாடி மீன் ஏவாரி ஒருத்தன்